மறதி நோய்க்கு எந்த மொழியில் வைத்தியம்?

இரண்டு ஆட்சிமொழிகள் கொண்ட நாடு கனடா என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். 1969-ல் வந்த ஆட்சிமொழிச் சட்டப்படி மத்திய அரசு அலுவலகங்களில் ஆங்கிலமும் பிரெஞ்சும் சரிசமம். தபால் தலையிலும் இரண்டு மொழி, பிஸ்கெட் டப்பாவிலும் இரண்டு மொழி. அந்த நாட்டின் தலைநகரில், பிரெஞ்சு பேசும் ஒரு மூதாட்டி தனக்குக் குளிர்கிறது என்பதைக் கவனித்துக்கொள்பவர்களுக்குப் புரியவைக்க முடியாமல் தவித்தார் என்றால் நம்புவீர்களா? 2023 கோடையில் ஒட்டாவாவில் மகள் வீட்டில் ஐந்து மாதம் தங்கியிருந்தபோது நான் தெரிந்துகொண்ட விஷயம் இது. நாக்பூரில் வாழும் தமிழர்களாகிய நமக்கும் இதில் நேரான சம்பந்தம் இருப்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஊர் நிலவரம். கனடாவில் பிரெஞ்சு என்றால் கியூபெக் மாகாணம் என்றே நாம் நினைக்கிறோம். அங்கே அவர்கள் பெரும்பான்மையினர். (அங்கு ஆங்கிலம் பேசுபவர்கள்தான் சிறுபான்மை. அவர்களுக்கும் அவர்களுடைய குறைகள் உண்டு.) ஆனால் கியூபெக்குக்கு வெளியே சுமார் பத்து லட்சம் பிரெஞ்சு மொழியினர் பல மாகாணங்களில் சிதறி வாழ்கிறார்கள். ஒன்டாரியோவில் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல். நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். இவர்கள் நேற்று வந்து குடியேறியவர்கள் அல்லர். நியூ பிரன்ஸ்விக்கின் அகேடியர்களுடைய முன்னோர் பதினேழாம் நூற்றாண்டிலேயே அந்தக் கரையில் வந்து இறங்கியவர்கள். வடக்கு ஒன்டாரியோவின் சட்பரி நகரமே 1883-ல் ரயில் பாதை போட வந்தவர்களின் முகாமாகத் தொடங்கியதுதான். மரம் வெட்டவும் சுரங்கத்தில் இறங்கவும் தண்டவாளம் போடவும் போன பிரெஞ்சுக் குடும்பங்கள் அங்கேயே தங்கிவிட்டன. ரயில்வேக்காரனான எனக்கு இதைப் படித்தபோது ஒரு சொந்தம் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. கரக்பூரிலும் பிலாஸ்பூரிலும் நம் அஜ்னியிலும் தமிழர்கள் வேர்விட்ட கதையும் இதே கதைதானே?

வீட்டில் பிரெஞ்சு, சர்ச்சில் பிரெஞ்சு, உத்தியோகத்தில் ஆங்கிலம் என்று அவர்கள் வாழ்ந்தார்கள். அறுபது எழுபது வயதுவரை அதில் ஒரு சிரமமும் தெரிவதில்லை. சிரமம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

டிமென்ஷியா என்பது வயதானவர்களுக்கு வரும் சாதாரண ஞாபக மறதி அல்ல. மூளையைத் தாக்கும் பல நோய்களால் நினைவு, கணக்கு, திசை, பேச்சு எல்லாம் படிப்படியாகக் குலைவது. அல்ஸைமர் அவற்றில் முக்கியமானது. இரண்டு மூன்று மொழி தெரிந்தவர்களுக்கு இந்த நோய் வரும்போது, பின்னால் கற்ற மொழி முன்னால் தளர்ந்து, சிறுவயதில் பேசிய மொழியிலேயே அதிகம் தஞ்சம் புகுவதைப் பல இடங்களில் கவனித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அப்படியே நடப்பதில்லை. சிலர் மொழிகளைக் கலந்துகட்டிப் பேசுவார்கள். சிலர் மகனிடம் பேச வேண்டிய மொழியை நர்ஸிடமும் நர்ஸிடம் பேச வேண்டியதை மகனிடமும் பேசுவார்கள். எப்படியானாலும், எதிரே இருப்பவருக்கு எந்த மொழி புரியும் என்று எடைபோட்டுப் பேசும் திறமை போய்விடுகிறது.

கனடாவில் 2020-ல் டிமென்ஷியா உள்ளவர்கள் ஏறக்குறைய ஆறு லட்சம் பேர் என்று அங்குள்ள அல்ஸைமர் சங்கம் கணக்கிட்டது. நம் நாட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 88 லட்சம் பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், இந்த நோய் இருக்கலாம் என்று 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஆகவே இது யாரோ சிலருடைய வீட்டுத் துன்பம் அல்ல.

மகள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் தினமும் காலையில் நடப்பேன். அங்கே எனக்குப் பழக்கமானவர் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். பேப்பர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரர். அவர் மனைவி முப்பது வருஷம் ஓர் அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே கடிதம் தட்டச்சு செய்தவர். டிமென்ஷியா வந்து, பராமரிப்பு இல்லத்தில் சேர்த்த இரண்டாம் வருஷம் ஆங்கிலம் அறவே போய்விட்டது. அந்த அம்மாள் அடிக்கடி சொன்ன ஒரு வார்த்தை 'ஃப்ரெத்'. அந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கில் அதற்குக் குளிர் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட இதே ஒலியுள்ள 'ஃப்ரெட்' என்ற சொல்லுக்குக் கவலைப்படுவது என்று அர்த்தம். இல்லத்தில் இருந்த நர்ஸ்கள் இந்த அம்மாள் எதற்கோ ஓயாமல் கவலைப்படுகிறார் என்று குறித்து வைத்து, டாக்டரிடம் சொல்லி மனத்தை அமைதிப்படுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். பெரியவருக்கு இடுப்பு அறுவை சிகிச்சை நடந்து மூன்று வாரம் மனைவியைப் பார்க்கப் போக முடியாத சமயம் அது. திரும்பிப் போனவர் செய்தது ஒன்றுதான். ஜன்னலை மூடி ஒரு கம்பளியை எடுத்துப் போர்த்தினார்.

நர்ஸ்களை அவர் குறை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருவர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர், ஒருவர் கேரளத்துப் பெண்ணாம். பாவம், அவர்களே மூன்றாவது மொழியில் உத்தியோகம் பார்ப்பவர்கள். பாரிஸ் பிரெஞ்சு படித்த ஒருவரை அங்கே வைத்திருந்தாலும் அந்த வார்த்தை உடனே புரிந்திருக்குமா என்பது சந்தேகமே. மொழி தெரிந்தால் மட்டும் போதாது. அந்த ஊர்க் கிழவிகள் பேசும் மொழி தெரிய வேண்டும்.

"பிரெஞ்சில் பேசுபவர் வேண்டும் என்று கேட்டிருக்கலாமே?" என்றேன். "கேட்கத் தெரிந்தால் அவள் ஏன் அந்த இல்லத்தில் இருக்கிறாள்?" என்றார் அவர்.

இந்த ஒரு பதிலில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. சட்டத்தில் உரிமை இருக்கிறது. ஒன்டாரியோவில் 1986-லேயே பிரெஞ்சு மொழிச் சேவைகள் சட்டம் வந்துவிட்டது. குறிப்பிட்ட பகுதிகளில் மாகாண அரசின் சேவையைப் பிரெஞ்சில் பெறலாம். ஆனால் கேட்டுப் பெறும் உரிமை, கேட்கக்கூடிய ஆளுக்குத்தான் பயன்படும். தன் நோயே கேட்க முடியாத நோயாக இருப்பவருக்கு அது எதற்கு? அங்குள்ள பிரெஞ்சுச் சமூகத்தினர் இதற்கு ஒரு வழி சொல்கிறார்கள். நோயாளி கேட்பதற்கு முன்பே, உள்ளே நுழைந்தவுடனேயே, இரண்டு மொழியிலும் வணக்கம் சொல்லி, எதில் பேச வேண்டும் என்று ஆஸ்பத்திரியே முன்வந்து விசாரிக்க வேண்டும் என்பது அது. பிரெஞ்சில் 'ஆஃப்ர் ஆக்டீவ்' என்கிறார்கள். 'முன்வந்து தருதல்' என்று தமிழில் சொல்லலாம்.

நான் முப்பத்தெட்டு வருஷம் சிக்னல் பிரிவில் இருந்தவன். எங்கள் தொழிலில் ஆரம்பப் பாடமே இதுதான். பழைய கை சிக்னலில் கம்பி அறுந்துவிட்டால், எதிர்ப்பாரம் இழுத்து, கை தானாக அபாய நிலைக்குப் போய் நிற்கும். டிராக் சர்க்யூட்டில் தண்டவாளம் முறிந்தால் ரிலே விழுந்து சிவப்பு எரியும். 'நான் பழுதாகிவிட்டேன்' என்று சிக்னல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. சொல்ல முடியாது என்பதை முன்பே எண்ணிப்பார்த்துத்தான் அமைப்பையே கட்டுகிறோம். டிமென்ஷியா நோயாளி விஷயத்தில் மட்டும், 'கேட்டால் தருவோம்' என்று உட்கார்ந்திருப்பது என்ன நியாயம்?

முன்வந்து தருவதற்கு ஆள் வேண்டும். அந்த மொழியில் படித்த டாக்டர், நர்ஸ், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரும் வேண்டும். அவர்களை உண்டாக்க அந்த மொழியில் பயிற்சி தரும் ஆஸ்பத்திரி வேண்டும். ஒட்டாவாவில் மோன்ஃபோர் ஆஸ்பத்திரி என்று ஒன்று இருக்கிறது. (எழுத்தில் கடைசியில் ஒரு 'ட்' உண்டு, வாயில் வராது. பிரெஞ்சுக்காரர்களுக்கு எழுத்தை வீணாக்குவதில் ஓர் ஆனந்தம்.) கன்னியாஸ்திரீகள் தொடங்கி 1953-ல் திறந்த ஆஸ்பத்திரி. 1997 பிப்ரவரியில் ஒன்டாரியோ அரசு அமைத்த சீரமைப்புக் கமிஷன் இதை மூடிவிடலாம் என்று சொன்னது. செலவைக் குறைக்க வேண்டும். பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே இரண்டு மொழியிலும் சேவை கிடைக்குமே என்பது வாதம். கணக்காகப் பார்த்தால் தப்பில்லாத வாதம்தான். நானும் டிப்போக்களை இணைக்கும் கமிட்டிகளில் இப்படிப்பட்ட கணக்குகளைப் பார்த்தவன்.

அந்தப் பகுதியில் முன்பு வானியே நகரத்தின் மேயராக இருந்த ஜிசெல் லலோந்த் என்ற அம்மையார் தலைமையில் மக்கள் எழுந்தார்கள். 1997 மார்ச் 22-ந் தேதி ஒட்டாவாவில் சுமார் பத்தாயிரம் பேர் திரண்டார்கள். கமிஷன் கொஞ்சம் இறங்கிவந்து, மூடவில்லை, சேவைகளை வெட்டிக்கொள்கிறோம் என்றது. அதையும் அவர்கள் ஏற்கவில்லை. வழக்குப் போட்டார்கள். 1999-ல் ஒரு தீர்ப்பு, 2001 டிசம்பர் 7-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு. இரண்டிலும் ஆஸ்பத்திரிக்கே வெற்றி. நீதிமன்றம் கவனித்த விஷயம் முக்கியமானது. ஒன்டாரியோவில் பிரெஞ்சிலேயே எல்லா முக்கிய சிகிச்சையும் தந்து, பிரெஞ்சிலேயே மருத்துவப் பயிற்சியும் தரும் ஆஸ்பத்திரி இது ஒன்றுதான். இரண்டு மொழியும் உண்டு என்று பலகை மாட்டிய இடம் இதற்கு ஈடாகாது. சிறுபான்மையினரைக் காப்பது கனடா அரசியல் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று என்றது. பலகை விஷயம் நமக்குத் தெரியாததா? நம் ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளில் மூன்று மொழி இருக்கும். உள்ளே விசாரணை ஜன்னலில் ஒரு மொழிதான் இருக்கும்!

ஆஸ்பத்திரி பிழைத்தது; பின்னால் பெரிதாகக் கட்டவும் பட்டது. இன்று அதை ஒட்டி ஓர் ஆராய்ச்சி நிலையமும் நடக்கிறது. நியூ பிரன்ஸ்விக்கில் 2006-ல் இன்னொரு காரியம் செய்தார்கள். அதுவரை அந்த மாகாணத்தில் பிரெஞ்சில் மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைகள் கியூபெக்குக்குத்தான் போக வேண்டும். போனவர்களில் சிலர் அங்கேயே தங்கிவிடுவார்கள், நம் பிள்ளைகள் அமெரிக்காவில் தங்கிவிடுவதைப் போல. கியூபெக்கின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, மாங்டன் நகரிலேயே பிரெஞ்சு மருத்துவப் பயிற்சி மையத்தைத் திறந்தார்கள். உள்ளூரில் படித்தவன் உள்ளூர்க் கிழவியின் பேச்சைப் புரிந்துகொள்வான் என்பதுதான் கணக்கு. நல்ல கணக்கு என்பேன்.

நோயைக் கண்டுபிடிக்கும் பரீட்சையிலும் மொழி குறுக்கே நிற்கிறது. மான்ட்ரியாலில் டாக்டர் ஸியாத் நஸ்ரெதின் 1996-ல் உருவாக்கிய 'மோக்கா' என்ற சோதனையை இன்று உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். முப்பது மார்க். கடிகாரம் வரையச் சொல்வார்கள், மிருகத்தின் பெயர் கேட்பார்கள், ஐந்து வார்த்தை சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். இருபத்தாறும் அதற்கு மேலும் வாங்கினால் சரி. பிரெஞ்சு ஊரில் பிறந்ததால் இதற்குப் பிரெஞ்சு வடிவம் உண்டு. அதற்கு முன் 1975-ல் அமெரிக்காவில் வந்த இன்னொரு பிரபலமான சோதனையில், 'வேர்ல்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைக் கடைசியிலிருந்து சொல்ல வேண்டும். பிரெஞ்சில் 'மோந்த்' என்று மாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கும் ஐந்து எழுத்துதான், சரியாகிவிட்டது. தமிழில் 'உலகம்' என்பதைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னால் நானே தடுமாறுவேன். 'ம், க, ல, உ' என்பதா, மெய்யையும் உயிரையும் பிரிப்பதா என்று இலக்கண விவாதம் செய்துகொண்டிருப்பேன். டாக்டர் மார்க்கைக் குறைத்துவிடுவார்.

வேற்று மொழியில் சோதித்தால் இரண்டு விதமாகவும் தவறு நேரும். நல்ல மூளை உள்ளவரை நோயாளி என்று எழுதிவிடலாம். நோய் வந்தவரை, 'மொழி தெரியாததால் தடுமாறுகிறார்' என்று வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இரண்டாவது தவறு நடந்தால் குடும்பத்துக்குச் சில வருஷங்கள் வீணாகிப்போகும்.

இதெல்லாம் உணர்ச்சிப் பேச்சு என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. 2022-ல் கனடா மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒட்டாவா ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டில் உதவி பெற்றுவந்து, பிறகு ஒன்டாரியோ ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 1,89,690 நலிந்த நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். எல்லோரும் டிமென்ஷியா நோயாளிகள் அல்லர். ஆனால் பெரும்பாலும் அந்த வயதுக்காரர்கள். பிரெஞ்சு மொழியினர் பிரெஞ்சு பேசும் டாக்டரிடம் சிகிச்சை பெற்றபோது, ஆஸ்பத்திரியில் நேரும் கீழே விழுதல், தொற்று போன்ற தீங்குகளுக்கான வாய்ப்பு 36 சதவிகிதம் குறைவாகவும், ஆஸ்பத்திரியிலேயே இறக்கும் வாய்ப்பு 24 சதவிகிதம் குறைவாகவும் இருந்தது. ஆங்கிலமும் பிரெஞ்சும் அல்லாத மொழியினருக்கு இந்த வித்தியாசம் இன்னும் அதிகம்: 74 சதவிகிதம், 54 சதவிகிதம். டொரண்டோவில் உள்ள நம் தமிழர்களும் இந்த வகையில்தான் வருவார்கள். சொந்த மொழி டாக்டர் கிடைத்தவர்கள் எவ்வளவு பேர்? பிரெஞ்சுக்காரர்களில் 44.4 சதவிகிதம். மற்ற மொழியினரில் 1.6 சதவிகிதம்.

இத்தனை சட்டம், வழக்கு, ஊர்வலத்துக்குப் பிறகும் பிரெஞ்சுக்காரர்களுக்கே பாதிப் பேருக்குக் கூடக் கிடைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 2019-ல் கனடா வெளியிட்ட தேசிய டிமென்ஷியா திட்டத்தில், தனிக் கவனம் தேவைப்படுபவர்களின் பட்டியலில் ஆட்சிமொழிச் சிறுபான்மையினரையும் சேர்த்திருக்கிறார்கள். சேர்த்தது நல்லதுதான். பட்டியலில் பெயர் வருவது வேறு, ராத்திரி டியூட்டிக்கு மொழி தெரிந்த நர்ஸ் வருவது வேறு.

அந்த ஆய்வு எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். வீட்டு உதவி கேட்டு வருபவரின் மொழி எது என்று அவர்களுடைய படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதை யாரோ ஒழுங்காகப் பூர்த்தி செய்து வந்தார்கள். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் ஆய்வே இல்லை. நாக்பூரில் எந்த ஆஸ்பத்திரிப் படிவத்திலாவது தாய்மொழி என்ற கட்டத்தை நீங்கள் பார்த்ததுண்டா? மதம் கேட்கிறார்கள், ஆதார் எண் கேட்கிறார்கள், இன்ஷூரன்ஸ் கேட்கிறார்கள்.

நம் நாட்டில் வேலையே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில், எழுத்தறிவில்லாத முதியவர்களுக்கு ஏற்ற ஹிந்திச் சோதனையை 1995-லேயே வெளியிட்டார்கள். ஹைதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து, இரண்டு மொழி பேசுபவர்களுக்கு டிமென்ஷியா நாலரை வருஷம் தாமதமாக வருகிறது என்று 2013-ல் எழுதியது உலகம் முழுவதும் பேசப்பட்டது. (பல மொழி பேசும் நமக்கு இதில் ஓர் ஆறுதல்.) சென்னையிலும் வேலூரிலும் தமிழில் சோதித்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பல மொழிகளுக்கென்று உருவாக்கி 2020-ல் விவரம் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில் ஹிந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று ஐந்து இந்திய மொழிகள் இருந்தன. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. செம்மொழி மாநாடுகளில் பேசுவதற்கு நமக்கு ஆயிரம் பேர் கிடைக்கிறார்கள்.

தமிழில் சோதனை வந்தாலும் அது சென்னையில் இருக்கும். தமிழ்நாட்டுக்கு வெளியே இருக்கும் நம் பெரியவர்களுக்கு என்ன வழி? எங்கள் காலனியில் பக்கத்து பிளாக் அம்மாள், நாற்பது வருஷம் சந்தையில் மராத்தியில் பேரம் பேசியவர், இப்போது தஞ்சாவூர்த் தமிழ் தவிர வேறு பேசுவதில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் ஹிந்தியில் கேள்வி கேட்டார்கள். புனேயிலிருந்து வந்த மகன் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். "இன்னிக்கு என்ன கிழமைம்மா, வியாழன்தானே?" என்று பதிலையும் சேர்த்தே கேட்டார். பாசம் அப்படிச் செய்யும். அந்த மார்க்கை வைத்து டாக்டர் என்ன முடிவு செய்ய முடியும்?

தனி ஆஸ்பத்திரி நாம் கட்ட முடியாது, கட்டவும் வேண்டாம். மகாராஷ்டிரத்தில் வந்து இருப்பவர்கள் நாம். பிரெஞ்சுக்காரர்களுக்கு உள்ள சட்டமும் நமக்கு இல்லை. கைப்பேசி மொழிபெயர்த்துவிடும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். கையில் உள்ள பெட்டி பேசினால் அந்த அம்மாள் பயந்துவிடுவார். செய்யக்கூடியது வேறு. நம் சங்கத்தில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் உள்ள வீடுகள் எத்தனை, தமிழ் தெரிந்த டாக்டர்கள், நர்ஸ்கள் யார் யார், சோதனைக்குப் போகும்போது மகனுக்குப் பதிலாகக் கூட வந்து, பதிலைச் சொல்லிக்கொடுக்காமல் மொழிபெயர்க்கக்கூடியவர்கள் யார் யார் என்று ஒரு பதிவேடு வேண்டும். பொங்கல் விழா மேடைச் செலவில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

செயற்குழுவில் இதைச் சொன்னபோது ஒரு நண்பர், "அப்படி எத்தனை பேர் சார் இருக்கப் போகிறார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பெயர், வயது, ஊர், இப்போது எந்த மொழியில் பேசுகிறார், கூட இருப்பவர் யார் என்று ஐந்து கட்டம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அஜ்னியில் ஆரம்பிக்கிறேன். ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்த இரண்டு பேர் கூட வந்தால் சௌகரியமாக இருக்கும்.